இளவேனில் வெயிலும் உறவினர் வருகையும்: வீட்டிலுள்ள நோயாளியைப் பாதுகாக்கும் முறைகள்

பங்குனி பிறந்ததும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஊர்கள் ஆட்களால் நிறையத் தொடங்குகின்றன. செட்டிகுளத்தில் பங்குனி உத்திரம், கல்லங்குறிச்சியில் இராமநவமி, சிறுவாச்சூரில் சித்திரைத் திருவிழா, தொடர்ந்து பள்ளிகளின் கோடை விடுமுறை என, சென்னையிலும் திருப்பூரிலும் பெங்களூருவிலும் வளைகுடா நாடுகளிலும் பணிபுரியும் பிள்ளைகள் குடும்பத்துடன் பெற்றோர் வீட்டில் வந்து தங்கும் காலம் இது. ஆண்டு முழுவதும் இருவர் மட்டும் வாழும் வீட்டில் பத்துப் பேர் உண்டு உறங்குவர். பெற்றோருக்கு இதைவிட மகிழ்ச்சியான நாள்கள் வேறில்லை.

ஆனால் அந்த வீட்டில் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் ஆகியவற்றுள் ஒன்றுக்கு நாள்தோறும் மருந்து உட்கொள்பவர் ஒருவர் இருந்தால், அவருக்கு இந்நாள்கள் கூடுதல் கவனம் தேவைப்படும் நாள்கள். வெயில் ஒருபுறம் உடலைச் சோதிக்கிறது. அவரைக் காத்துவரும் அன்றாட ஒழுங்கு மறுபுறம் கலைகிறது. இவ்விரண்டும் ஒரே வாரத்தில் நேரும்போதுதான் தீங்கு விளைகிறது. வெயிலை நாம் மாற்ற இயலாது. ஒழுங்கைக் காப்பாற்ற இயலும். அதற்கான வழிகளை நோயாளிகளுக்கும், பராமரிப்பவர்களுக்கும், ஊருக்கு வந்து தங்கும் உறவினர்களுக்கும் இக்கட்டுரை விளக்குகிறது.

இந்தப் பருவத்தில் உடலுக்கு என்ன நேர்கிறது?

நம் பருவப் பகுப்பின்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். பெயர் இளவேனிலானாலும் கடலிலிருந்து விலகி உள்நிலத்தில் அமைந்த நம் மாவட்டங்களில் வெயில் உச்சமடைவது இம்மாதங்களில்தான். மே முதல் வாரத்தில் தொடங்கும் கத்திரி வெயிலை அனைவரும் அறிவர். அதற்கு முந்தைய வாரங்களைப் பலரும் பொருட்படுத்துவதில்லை.

மனித உடல் வெப்பத்திற்குப் பழகிக்கொள்ள ஏறத்தாழ 1 முதல் 2 வாரங்கள் ஆகும். அதற்குள் வியர்வை விரைவாகச் சுரக்கவும், வியர்வையில் வெளியேறும் உப்பின் அளவு குறையவும் உடல் கற்றுக்கொள்கிறது. ஆகவே பருவத்தின் முதல் கடும் வெப்ப நாள்கள், அளவில் சற்றுக் குறைவானவையாக இருந்தாலும், உடலுக்குப் பெரும் சுமையாகின்றன. குளிரூட்டப்பட்ட அலுவலகத்திலிருந்தோ குளிர்ந்த ஊரிலிருந்தோ வருபவர்களுக்கும் இது பொருந்தும். வந்த மறுநாளே நண்பகலில் முந்திரிக் காட்டுக்கோ வயலுக்கோ சென்று வேலை செய்வதை அவர்கள் தவிர்க்க வேண்டும்.

சமவெளிப் பகுதிகளில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியசை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் உயர்ந்திருந்தால் அதனை வெப்ப அலை என இந்திய வானிலை ஆய்வுத் துறை வரையறுக்கிறது. தமிழ்நாடு அரசு 2024-ஆம் ஆண்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. எனினும் அறிவிப்பு வந்தால்தான் ஆபத்து என எண்ண வேண்டாம். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அதற்கும் குறைந்த வெப்பநிலையிலேயே பாதிப்பு ஏற்படலாம். அதற்குரிய காரணங்கள் மூன்று:

- வயது கூடக்கூடத் தாக உணர்வு குறைகிறது. உடலில் நீர் குறைந்த பின்னரும் நாக்கு வறட்சியை உணர்த்தாது.
- வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கு அதிக இரத்தத்தை இதயம் செலுத்த வேண்டும். பலவீனமான இதயத்திற்கு இது கூடுதல் உழைப்பு.
- சில மருந்துகள் உடலின் நீரையும் வியர்வையையும் குறைக்கின்றன. நீர் மாத்திரை எனப்படும் சிறுநீர்ப்பெருக்கி மாத்திரைகள், சில இரத்த அழுத்த மாத்திரைகள், சில மனநல மருந்துகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

வீடு நிறையும்போது மாறுபவை எவை?

உறவினர் வந்த அன்று வழக்கமாக நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். மின்விசிறிக்குக் கீழிருந்த தம் கட்டிலை மருமகனுக்கு அளித்துவிட்டுப் பெரியவர் திண்ணையிலோ தகரக் கூரைக்குக் கீழோ படுக்கிறார். விருந்தினர் உண்ட பின்னரே உண்பது மரபு என்பதால் காலை உணவு பதினொரு மணிக்கும் மதிய உணவு மூன்று மணிக்கும் தள்ளிப்போகின்றன. கழிப்பறை ஒன்றே இருப்பதால் வீட்டுப் பெண்கள் நீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்கின்றனர். மாத்திரைப் பெட்டியைக் குழந்தைகள் எடுத்துவிடுவர் என்று பரண்மேல் ஏற்றி வைத்துவிட்டு, மறந்தும்விடுகின்றனர்.

இவற்றுள் எதுவும் தவறான எண்ணத்தால் நிகழ்வதன்று. விருந்தோம்பலே இவற்றுக்குக் காரணம். ஆயினும் நோயாளியைப் பொறுத்தவரை, வீட்டில் எத்தனை பேர் இருப்பினும் நான்கு நிலைகள் மாறலாகாது: படுக்கும் இடம், நீர், உணவு வேளை, மருந்து.

1. படுக்கும் இடம்

வீட்டிலேயே குளிர்ச்சியான இடமும் மின்விசிறியும் நோயாளிக்கும், முதியவருக்கும், கைக்குழந்தைக்கும் உரியவை. விருந்தினராக வந்திருப்பவர் நீங்களானால், "அப்பா, நீங்கள் உங்கள் கட்டிலிலேயே படுங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவராக அதைக் கேட்கமாட்டார்.

காங்கிரீட் தளமும் தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளும் பகலில் ஏற்ற வெப்பத்தை மாலையிலும் இரவிலும் உள்ளே உமிழ்கின்றன. பகலில் வெயில் படும் பக்கத்துச் சன்னல்களைத் திரையிட்டு மூடி, வெளிக்காற்று குளிர்ந்த பின் திறந்து வையுங்கள். அறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது மின்விசிறி மட்டும் உடலைக் குளிர்விக்காது. சூடான காற்றை மேலும் உடலின்மேல் வீசும். அந்நேரத்தில் கை, கால், கழுத்தை ஈரத்துணியால் துடைப்பதும், வசதியிருப்பின் குளிர்ந்த நீரில் குளிப்பதும் பயன்தரும்.

இரவில் நடைபாதையில் பாய்களும் பைகளும் பரவிக் கிடப்பது முதியோர் தடுக்கி விழக் காரணமாகிறது. இடுப்பெலும்பு முறிவுக்குப் பின் பல முதியோர் பழைய நடமாட்டத்தைப் பெறுவதில்லை. படுக்கையிலிருந்து கழிப்பறை வரை உள்ள வழியை வெறுமையாக விட்டு, சிறு விளக்கொன்றை எரியவிடுங்கள்.

2. நீர்

மருத்துவர் நீரின் அளவைக் கட்டுப்படுத்தாத அனைவரும், தாகம் எடுக்கும் வரை காத்திராமல், விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு டம்ளர் வீதம், நாளொன்றுக்கு 2 முதல் 3 லிட்டர் வரை நீர் அருந்தலாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருப்பது போதிய நீர் உள்ளதற்கான அடையாளம். அடர் மஞ்சளாகவும் அளவில் குறைந்தும் இருந்தால் நீர் போதவில்லை. வைட்டமின் பி மாத்திரை உட்கொள்வோருக்கு மட்டும் நிறத்தைக் கொண்டு இதைக் கணிக்க இயலாது.

நோயாளிக்கென ஒரு சொம்போ புட்டியோ தனியே ஒதுக்கிக் காலையில் நிரப்பி வையுங்கள். கூட்டத்தில் அவர் எவ்வளவு அருந்தினார் என்பது மாலையில் அதனைப் பார்த்தாலே விளங்கும். கழிப்பறைக்காகக் காத்திருக்க நேரும் என்று நீரைக் குறைக்கும் பழக்கம் சிறுநீர்த் தொற்றுக்கும் மயக்கத்திற்கும் வழிவகுக்கும். முதியோரும் கர்ப்பிணிகளும் முதலில் செல்லட்டும் என வீட்டில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்துங்கள்.

கீழ்க்காண்பவர்களுக்கு இந்தப் பொதுவிதி பொருந்தாது:

- சிறுநீரகச் செயலிழப்பு உள்ளோர், டயாலிசிஸ் செய்துகொள்வோர்: மருத்துவர் குறித்த அளவு நீரை மட்டுமே அருந்த வேண்டும். இளநீர், பழச்சாறு ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகத்தால் வெளியேற்ற இயலாத பொட்டாசியம் இதயத் துடிப்பைப் பாதிக்கும். உறவினர் அன்போடு வெட்டித் தரும் இளநீர் இவர்களுக்கு உயிராபத்தாக முடியலாம். திருவிழாவை முன்னிட்டு ஒரு டயாலிசிஸ் முறையைத் தவறவிடுவதும் அவ்வாறே. வேறு ஊருக்குச் செல்வதானால் தேதியை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள்.
- இதயச் செயலிழப்பு உள்ளோர்: நாள்தோறும் காலையில் எடை பாருங்கள். ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேலோ ஒரு வாரத்தில் 2 கிலோவுக்கு மேலோ கூடினாலும், எடை விரைவாகக் குறைந்து தலைசுற்றல் ஏற்பட்டாலும் மருத்துவரை அணுகுங்கள்.
- நீரிழிவு உள்ளோர்: பானகம், சர்பத், குளிர்பானம், கரும்புச்சாறு ஆகியவற்றைத் தவிர்த்து நீரும் உப்புக் குறைந்த மோரும் அருந்துங்கள்.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ ஏற்பட்டால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை, அதன்மீது குறித்துள்ள அளவு சுத்தமான நீரில் முழுவதுமாகக் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும். சிறுநீரக, இதய நோயாளிகளுக்கு இதனை மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும்.

3. உணவு வேளை

நீரிழிவுக்கு இன்சுலினோ, கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டவர் உரிய நேரத்தில் உண்ணாவிட்டால் இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடும். வியர்த்தல், நடுக்கம், படபடப்பு, பசி, தடுமாற்றமான பேச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். வெயில் நாளில் இவற்றை "வெயில் களைப்பு" என்று எண்ணிப் படுக்க வைத்துவிடுவது உண்டு. அது ஆபத்தானது. ஐயம் ஏற்பட்டால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். கருவி இல்லையெனில், நினைவோடு இருப்பவருக்கு 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடங்களில் தெளிவு ஏற்படாவிட்டால் மீண்டும் ஒருமுறை கொடுத்து, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது.

ஆகவே விருந்தினருக்கு முன் உண்பது மரியாதைக் குறைவு என்ற தயக்கம் நோயாளிக்கு வேண்டாம். அவர் உண்ண வேண்டிய நேரத்தில் பந்தியின் முதல் இலையை அவருக்குப் போடுங்கள். திருவிழாவிற்கு விரதம் இருக்க விரும்புவோர், மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றுவது குறித்து ஒரு வாரம் முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு ஆகியவை விருந்தில் சேரும்போது இந்த அளவு ஒரே வேளையில் கடந்துவிடும். மாம்பழத்தை முற்றிலும் விலக்கத் தேவையில்லை. சர்க்கரை கட்டுக்குள் உள்ளவர் ஓரிரு துண்டுகளை உண்ணலாம். பாயசத்துடன் சேர்த்து உண்பதைத் தவிர்க்க வேண்டும்.

மொத்தமாகச் சமைத்த சோறு, குழம்பு, இறைச்சி ஆகியவற்றை இந்த வெப்பத்தில் ஒரு மணி நேரத்திற்கு மேல் வெளியே வைக்காதீர்கள். எஞ்சியதைச் சிறு பாத்திரங்களில் பிரித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஆவி பறக்கச் சூடாக்கிய பின்னரே உண்ணுங்கள். வெளியிலேயே இருந்துவிட்ட சோற்றில் சில கிருமிகள் உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

4. மருந்து

மாத்திரைப் பெட்டியைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமலும் நோயாளியின் பார்வையில் படும்படியும் வையுங்கள். பூட்டக்கூடிய அலமாரியே சிறந்தது. பாட்டியின் ஒரே ஒரு சர்க்கரை மாத்திரை, மிட்டாய் என எண்ணி விழுங்கும் இரண்டு வயதுக் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம். அவ்வாறு நேர்ந்தால், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல், மாத்திரை அட்டையுடன் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இன்சுலின் பற்றிய தனிக் கவனம்: திறக்காத புட்டிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைக்க வேண்டும். விருந்து நாள்களில் குளிர்பதனப் பெட்டியில் பாலும் பூவும் மாவும் அடைபடும்போது, இன்சுலின் பின்னே நகர்ந்து உறைபனிப் பகுதியை ஒட்டிவிடுகிறது. ஒருமுறை உறைந்த இன்சுலின், பிறகு உருகினாலும் பயன்படாது. எனவே அதனை மூடியுள்ள சிறு டப்பாவில் இட்டு, உறைபனிப் பகுதிக்கு எட்டத்தில், அனைவரும் அறியும்படி வையுங்கள். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில், நீர் புகாத உறையில் இட்ட புட்டியை, ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். பயணத்தின்போது பேருந்தின் சரக்குப் பகுதியிலோ நிறுத்திய காரிலோ வைக்காதீர்கள். பனிக்கட்டியை நேரடியாகத் தொடும்படியும் வைக்காதீர்கள்.

வெயில் காலத்தில் இரத்த அழுத்தம் இயல்பாகவே சற்றுக் குறையலாம். படுக்கையிலிருந்து எழும்போது தலைசுற்றல் ஏற்பட்டால் மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாமல், அழுத்தத்தை அளந்து மருத்துவரிடம் தெரிவியுங்கள். அளவைக் குறைக்க வேண்டுமா என அவர் முடிவு செய்வார். வயிற்றுப்போக்கு, வாந்தி, கடும் காய்ச்சல் உள்ள நாளில் நீர் மாத்திரை, மெட்பார்மின், எனலாப்ரில் போன்றவற்றைத் தற்காலிகமாக நிறுத்த நேரலாம். லித்தியம் உட்கொள்வோருக்கு உடலில் நீர் குறைந்தால் அம்மருந்தின் அளவு இரத்தத்தில் நச்சளவை எட்டக்கூடும். இத்தகைய நாள்களில் அன்றைக்கே மருத்துவரின் ஆலோசனையைப் பெறுங்கள்.

மற்றவர் அறிந்துவிடுவர் என்ற கூச்சத்தால் மருந்தை நிறுத்துவது, காசநோயிலும் மனநோயிலும் வலிப்பு நோயிலும் அடிக்கடி நிகழ்கிறது. ஒரு வாரக் கூச்சத்திற்காகப் பல மாதச் சிகிச்சையை இழக்க வேண்டாம். மருந்தின் பெயரை யாரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அதனை உரிய நேரத்தில் உட்கொள்வது மட்டுமே தேவை.

விருந்தினருடன் வரும் தொற்றுகள்

சின்னம்மை நம் நாட்டில் பனிக்காலம் முடிந்து வெயில் தொடங்கும் மாதங்களில் மிகுதியாகக் காணப்படுகிறது. அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகுவதும், அவ்வீட்டார் பிறர் வீட்டுக்குச் செல்லாதிருப்பதும் நம் ஊர்களின் வழக்கம். தொற்றைத் தடுக்கும் வழி என்ற முறையில் அந்த விலகல் முற்றிலும் சரியானது. கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து, எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்காகும் வரை இந்நோய் பரவும். கர்ப்பிணி, பச்சிளங்குழந்தை, புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர் ஆகியோர் உள்ள வீட்டுக்கு அந்நாள்களில் செல்லாதீர்கள். அவர்கள் ஏற்கெனவே நோயாளியுடன் பழகியிருப்பின், கொப்புளம் வரும்வரை காத்திராமல் உடனே மருத்துவரை அணுக வேண்டும். தடுப்பு மருந்துகளுக்குக் காலவரம்பு உண்டு.

முதியோருக்கு உடலின் ஒருபக்கமாகப் பட்டைபோல் எரிச்சலுடன் தோன்றும் அக்கியும் இதே கிருமியால் வருவதே. அக்கிக் கொப்புளத்தின் நீர் பட்டால், அம்மை வராத குழந்தைக்குச் சின்னம்மை வரலாம். எனவே அது காயும் வரை மூடி வைத்து, பேரக்குழந்தையைத் தூக்குவதைத் தவிர்க்க வேண்டும். காவி பூசி அக்கி எழுதுவதோடு நின்றுவிடாதீர்கள். கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்திற்குள் மருந்து தொடங்கினால் சிறந்த பயன் கிடைக்கும். தாமதமானால் நீங்காத நரம்பு வலி எஞ்சலாம். கண் அருகே தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இருமல், காய்ச்சல், கண்வலி உள்ள உறவினர் பயணத்தைச் சில நாள் தள்ளிவைப்பதே அன்பு. வந்தபின் தொடங்கினால் முகக்கவசம் அணிந்து, தனி அறையில் தங்கி, கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின் நோயாளியை நெருங்க வேண்டும்.

நினைவு மறதி உள்ளவர்

மறதி நோய் உள்ள முதியவருக்கு வீடு நிறைந்த கூட்டம் குழப்பத்தையும் அச்சத்தையும் தரலாம். "நான் யார் சொல்லுங்கள்" என்று ஒவ்வொருவரும் தேர்வு வைக்காதீர்கள். "நான் உங்கள் இரண்டாவது மகள் வந்திருக்கிறேன்" என்று நீங்களே சொல்லி அருகில் அமருங்கள். ஒரே நேரத்தில் இருவருக்கு மேல் சூழ வேண்டாம். வாயிற்கதவு திறந்தே கிடக்கும் நாள்களில் இவர்கள் வெயிலில் வெளியேறிவிடும் வாய்ப்பு அதிகம். யார் கவனிப்பது என்பதை வேளைவாரியாகப் பெயர் குறித்து முடிவு செய்யுங்கள்.

வழக்கமாகத் தெளிவுடன் பேசும் முதியவர் திடீரென ஓரிரு நாளில் குழம்பினால் அது முதுமையின் இயல்பன்று. நீரிழப்பு, தொற்று, உப்புக் குறைவு, மருந்தின் விளைவு இவற்றுள் ஒன்றாக இருக்கக்கூடும். மருத்துவரிடம் காட்டுங்கள்.

பராமரிப்பவரும் காக்கப்பட வேண்டியவரே

பத்துப் பேருக்கு நண்பகலில் அடுப்பருகே நின்று சமைப்பவர், வீட்டிலேயே அதிக வெப்பத்தைத் தாங்குபவர். பெரும்பாலும் நோயாளியைப் பராமரிப்பவரும் அவரே. பெருஞ்சமையலைக் காலை பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். சமையலறைச் சன்னலைத் திறந்து வையுங்கள். அவர் அருகிலும் ஒரு சொம்பு நீர் இருக்கட்டும். வந்திருக்கும் மகனோ மகளோ நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமாவது நோயாளியின் பொறுப்பை ஏற்று அவரை உறங்கச் செய்வது, கொண்டுவரும் எந்தப் பரிசினும் மேலானது.

வருகையைப் பயனுள்ளதாக்குங்கள்

ஊருக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, தொலைபேசியில் "நன்றாக இருக்கிறேன்" என்று மட்டுமே கேட்ட பெற்றோரை நேரில் காணும் வாய்ப்பு இது. கீழ்க்கண்டவற்றைச் செய்யுங்கள்:

- வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரே இடத்தில் பரப்பிப் பாருங்கள். காலாவதியானவற்றை நீக்குங்கள்.
- உட்கொள்ளும் மருந்துகளின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, ஒரு படியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.
- நீரிழிவு உள்ளவரின் பாதங்களையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். சுடும் தரையில் வெறுங்காலுடன் நடந்து, உணர்ச்சியற்ற பாதத்தில் கொப்புளம் ஏற்பட்டிருப்பதை அவர் அறியாதிருக்கலாம்.
- எடை குறைந்துள்ளதா, நடை தளர்ந்துள்ளதா, காது மந்தமாகியுள்ளதா என்பதைக் கவனியுங்கள்.
- 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மருந்து கொண்டுவரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரைச் சந்தித்து, உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பெற்றோரை நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று புதிய மருந்துச் சீட்டு வாங்கித் தருவது நல்லெண்ணமே. ஆனால் ஒரே மருந்து வேறு வணிகப் பெயரில் வந்திருக்கலாம். நீங்கள் திரும்பிய பின் அரசு மருத்துவமனையில் பெற்ற பழைய மாத்திரையையும் புதியதையும் அவர் சேர்த்து உட்கொண்டால், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். புதிய மருத்துவரிடம் பழைய சீட்டைக் காட்டுங்கள். ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் புதிய சீட்டைக் காட்டுங்கள். எது தொடரும், எது நிற்கும் என்பதைத் தெளிவாக எழுதி வாங்குங்கள். நிறுத்த வேண்டியவற்றை வீட்டிலிருந்து அகற்றிய பின்னரே ஊர் திரும்புங்கள்.

உடனடியாக மருத்துவ உதவி நாட வேண்டிய அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றுள் ஏதேனும் தோன்றினால் 108 எண்ணை அழையுங்கள்:

- வெயிலிலோ புழுக்கமான அறையிலோ இருந்தவருக்கு உடல் கொதித்தல், உளறல், வலிப்பு, நினைவிழத்தல்
- மார்பு வலி, மூச்சுத்திணறல்
- முகம் கோணுதல், ஒரு கையோ காலோ செயலிழத்தல், பேச்சுக் குழறல்
- சர்க்கரை கொடுத்தும் தெளியாத மயக்கம்
- 8 மணி நேரத்திற்கு மேல் சிறுநீர் கழியாமை, நிற்காத வாந்தி

உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டி நினைவு தடுமாறுவது வெப்பத் தாக்கு. ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் அவரை நிழலுக்குக் கொணர்ந்து, ஆடைகளைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீரூற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் குளிர்ந்த ஈரத்துணியை வையுங்கள். பாராசிட்டமால் இவ்வகை வெப்பத்தைக் குறைக்காது. பெரம்பலூர் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அவசர சிகிச்சை எந்நேரமும் கிடைக்கும். பொதுவான உடல்நல ஐயங்களுக்கு 104 எண்ணை அழைக்கலாம்.

விருந்தினர் விடைபெற்ற பின்

கூட்டம் கலைந்த வீட்டில் முதியவர் தனித்து எஞ்சும் முதல் வாரம் கவனத்திற்குரியது. பல நாள் உழைப்பும் உறக்கக் குறைவும் அப்போதுதான் களைப்பாக வெளிப்படும். மனம் வாடி உணவையும் மருந்தையும் தவிர்ப்பதும் உண்டு. ஊர் திரும்பிய பிள்ளைகள் அந்த வாரம் நாள்தோறும், முடிந்தால் மருந்து உட்கொள்ளும் வேளையில், அழைத்துப் பேசுங்கள். "என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை டம்ளர் நீர் அருந்தினீர்கள், மாத்திரை போட்டாயிற்றா" என்ற மூன்று வினாக்கள் போதும். ஒரு வாரத்திற்குள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளக்கப்படுவதை உறுதி செய்யுங்கள். பக்கத்து வீட்டார் ஒருவரின் எண்ணையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை அழைத்தும் பெற்றோர் எடுக்காத நண்பகலில், முதலில் கதவைத் தட்டக்கூடியவர் அவரே.